எட்டாம் வகுப்பு மகனைப் பள்ளியில் அடிக்கிறார்கள், அடுத்து என்ன செய்யலாம்?

வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் அவனை விடாமல் அடிக்கிறார்கள். வகுப்பில் இல்லை, மதிய இடைவேளையில் கழிப்பறைப் பக்கம். அவனுக்குத் திக்குவாய். ஏதாவது பேசச் சொல்வார்கள், திக்கினால் சிரிப்பு, அப்புறம் அடி.

கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வீட்டுக்கு வருகிறது. கழிப்பறைக்குப் போக வேண்டி வந்துவிடுமே என்று நாள் முழுக்கக் குடிப்பதில்லை. திங்கட்கிழமை ஆனால் வயிற்றுவலி. டாக்டர் உடம்பில் ஒன்றுமில்லை என்கிறார். போன வாரம் முதுகு கன்றிப்போய் வந்தான், போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

வகுப்பாசிரியரிடம் சொன்னதற்கு, "பசங்கன்னா அப்படித்தாங்க" என்றார். தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் கூப்பிட்டுக் கண்டித்தார், மறுநாள் "போட்டுக் கொடுத்தியா" என்று கூடுதல் அடி. ஒரு பையனின் அப்பாவிடம் பேசினேன். அவர் என் கண்முன்னாலேயே தன் மகனை அறைந்தார். நான் கேட்டது அதுவல்ல.

டி.சி. வாங்கிவிடுங்கள் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அடிபட்டவன் ஏன் வெளியே போக வேண்டும்? அந்தப் பையன்களும் சின்னப் பிள்ளைகள்தான், போலீஸ் கேஸ் வரை போவதிலும் எனக்கு விருப்பமில்லை.

குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுத்தோ, கேஸ் இல்லாமல் பள்ளியில் இடைவேளைக் கண்காணிப்பு ஏற்பாடு செய்ய வைத்தவர்கள் இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று சொல்ல முடியுமா?