பிரஸ் ஷாப் ஸ்கிராப் எடை மாதாமாதம் மாறுகிறது, எப்படிக் கட்டுப்படுத்துவது?

பிரஸ்ஷாப்_சேலம்:
இரும்பாலை ரோட்டில் சின்ன பிரஸ் ஷாப் நடத்துகிறோம். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷீட் வாங்கி, பிரஸ் மெஷினில் வட்டம் வெட்டி பாத்திரப் பட்டறைகளுக்குக் கொடுக்கிறோம். உற்பத்தி ஏறக்குறைய ஒரே அளவுதான், ஆனால் விற்கிற கழிவு எடை மட்டும் ஒரு மாதம் கூடுகிறது, ஒரு மாதம் குறைகிறது. ஸ்கிராப்காரர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ரேட் பேசி எடுக்கிறார், எடைச் சீட்டும் அவர் கொண்டுவருவதுதான். பல வருஷமாகக் கூட இருக்கிற ஆட்களைச் சந்தேகப்பட மனசு வரவில்லை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

காஸ்டிங்_சூரமங்கலம்:
ஆளைப் பார்க்க வேண்டாம் சார், எவ்வளவு கழிவு வர வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். சதுரத்தில் வட்டம் வெட்டினால் 78.5 சதவீதம் வட்டம், மீதி 21.5 சதவீதம் மூலை. 300 மி.மீ. சதுரம், 1 மி.மீ. கனம் என்றால் துண்டு சுமார் 714 கிராம், வட்டம் 561, கழிவு 153. ஆயிரம் வட்டத்துக்கு 153 கிலோ வந்தே ஆக வேண்டும். ஷீட் கனம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதனால் வாங்கிய எடையை வைத்தே டேலி பண்ணுங்கள்: வட்டம், மூலை, ஷீட் ஓரம், ரிஜெக்ட், கையிருப்பு எல்லாம் சேர்ந்து அந்த எடைக்கு வர வேண்டும். ரிஜெக்டைத் தனி டிரம்மில் போடுங்கள், அது மூலையோடு கலந்தால் டை (வெட்டும் அச்சு) தேய்ந்ததா, ஆபரேட்டர் தவறா என்று கடைசிவரை தெரியாது. செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, கொலுசையும் அரப்பொடியையும் எடை போட்டுத்தான் திரும்ப வாங்குகிறார்கள். நிக்கல் இருக்கிற 304-க்கும் அந்த மரியாதை வேண்டும்.

யார்டு_மேச்சேரி:
தம்பி, வெறும் வண்டி எடையைக் கவனிங்க. டேர், அதாவது காலி வண்டி எடை, போடும்போது தண்ணி கேன், கல், கூட ரெண்டு ஆள் இருப்பாங்க. லோடு ஏறினதும் எல்லாம் இறங்கிடும். இறங்கின எடை அத்தனையும் உங்க சரக்கு. காலி எடை, லோடு எடை ரெண்டும் ஒரே எடை மேடையில, உங்க ஆள் கூட இருந்து போடணும். அதுக்கு முன்னாடி முத்திரை போட்ட உங்க சொந்தத் தராசுல டிரம் டிரம்மா எழுதி வெச்சுக்கங்க. அப்புறம் நிக்கல் கம்மியா இருக்கிற 202 வகை ஷீட்டும் ஓட்டுறீங்கன்னா ரெண்டையும் கலக்க விடாதீங்க. காந்தம் ரெண்டுலயுமே ஒட்டாது, அதனால காந்தத்தை நம்பிப் பிரிக்க முடியாது. 304-ல நிக்கல் 8 சதவீதத்துக்கு மேல, 202-ல 4-லிருந்து 6. கலந்துட்டா மொத்தத்துக்கும் 202 ரேட்தான் பேசுவாங்க.

ஜிஎஸ்டி_அம்மாபேட்டை:
பில் இல்லாமல் ஒரு கிலோகூட வெளியே போகக் கூடாது. 2024 அக்டோபர் 10 முதல், பதிவுபெற்ற வியாபாரி உங்களிடம் 2.5 லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் உலோக ஸ்கிராப் வாங்கினால் உங்களுக்குத் தரும் பணத்தில் 2 சதவீதம் ஜிஎஸ்டி டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிக்க வேண்டும். அந்தத் தொகை ஜிஎஸ்டி போர்ட்டலில் தெரியும், உங்கள் எடைப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள்.

பிரஸ்ஷாப்_சேலம்:
நன்றி. 202-ம் ஓடுகிறது, இரண்டும் ஒரே குவியலில்தான் கிடக்கிறது. நாளைக்கே டிரம்களுக்கு வேறு வேறு பெயிண்ட் அடிக்கிறேன். யார்டு அண்ணா, ஏற்கனவே கலந்து கிடப்பதை எப்படிப் பிரிப்பது?

யார்டு_மேச்சேரி:
துண்டு துண்டா எக்ஸ்ஆர்எஃப் கன் (உலோகத்துல என்னென்ன கலந்திருக்குன்னு காட்டுற கைக்கருவி) வெச்சுப் பார்த்தாத்தான் உண்டு. குவியல் சின்னதுன்னா கூலி கட்டாது, இருக்கிற ரேட்டுக்கு வித்துட்டு புது டிரம்ல ஆரம்பிங்க.