புதுப்பிப்பு: காரில் நாயோடு பயணம் – ஒரு திருத்தமும் சில பதில்களும்

முந்தைய இழையில் நாய்க்கான சீட் பெல்ட் கிளிப் (ஒரு முனையைக் காரின் சீட் பெல்ட் பூட்டிலும் மறுமுனையை நாயின் மேலும் மாட்டும் பட்டை) பற்றி எழுதியிருந்தேன். ஒன்று விட்டுப்போயிற்று: அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டவே கூடாது. திடீர் பிரேக்கில் மொத்த விசையும் கழுத்தில் விழும். மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் எனும் வாரின் முதுகு வளையத்தில் மாட்டுங்கள். நாய் உட்கார, படுக்க முடிகிற அளவு பட்டை நீளம் போதும். பின்சீட்தான் சரி, முன்சீட் ஏர்பேக் நாயைக் கொன்றுவிடலாம்.

இனி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள். பயணத்தில் நாய் வாந்தி எடுக்காமலிருக்க: கிளம்புவதற்கு 3, 4 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். தண்ணீரை நிறுத்தாதீர்கள், பாவம்.

சீட்டில் சிறுநீர் பட்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் உள்ளே பஞ்சுக்கு இறங்கும். பிறகு என்சைம் கிளீனரை (வாடைக்குக் காரணமான கழிவைச் சிதைக்கும் திரவம்) நனைய ஊற்றி 15 நிமிடமாவது ஊறவிடுங்கள். உடனே துடைத்தால் வாடை திரும்பும். ஃபினாயில் வேண்டவே வேண்டாம், நக்கினால் நஞ்சு.

கண்ணாடியைச் சற்றுத் திறந்து வைத்தாலும் நிறுத்திய காரில் 10 நிமிடத்தில் சுமார் 10 டிகிரி சூடு ஏறும். நாயைத் தனியே விடாதீர்கள்.