சாம் லாங்ஃபோர்டு எல்லாக் காலப் பட்டியலில் எந்த இடம்?

எடைத்தட்டு:
எல்லாக் காலத்துக்குமான குத்துச்சண்டை வீரர்கள் என்றால் சுகர் ரே ராபின்சன், ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங், அலி என்று கடகடவென எழுதிவிடுகிறோம். சாம் லாங்ஃபோர்டு யாருக்காவது ஞாபகம் வந்தால் உண்டு. என் பட்டியலில் அவருக்கு மூன்றாம் இடம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்து பாஸ்டனில் வளையத்துக்குள் இறங்கியவர். உயரம் சுமார் 5 அடி 7 அங்குலம்தான். 1903-ல், லேசான எடைப் பிரிவுகளில் ஒன்றான லைட்வெயிட்டின் சாம்பியன் ஜோ கான்ஸைப் பாயிண்டில் வென்றார். மறு ஆண்டு, அதற்கு மேல் பிரிவான வெல்டர்வெயிட்டின் சாம்பியன் பார்படோஸ் ஜோ வால்காட்டுடன் 15 ரவுண்டு டிரா. அப்புறம் 1914-லும் 1916-லும் ஹாரி வில்ஸை நாக்அவுட் செய்தார். வில்ஸ் ஆறடிக்கு மேல் உயரம், 200 பவுண்டைத் தாண்டிய ஹெவிவெயிட், அதாவது உச்ச எடைப் பிரிவுக்காரர். கான்ஸில் தொடங்கி வில்ஸ் வரை போன இன்னொருவரைக் காட்டுங்கள்.

கூர்மூக்கு:
மூன்றா! ஒரு உலகப் பட்டம்கூட இல்லாதவருக்கு? கான்ஸ் அதற்கு முந்தைய இரவுதான் பிலடெல்பியாவில் டேவ் ஹாலியுடன் மோதிவிட்டு பாஸ்டனுக்கு ரயிலேறி வந்தார். அதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? லாங்ஃபோர்டு எடை வரம்பைத் தாண்டியிருந்ததால் பட்டமும் பணயத்தில் இல்லை. வால்காட்டிடம் டிரா. 1906-ல் பாஸ்டன் பக்கத்துச் செல்சியில் ஜாக் ஜான்சனிடம் 15 ரவுண்டும் அடி வாங்கித் தெளிவாகத் தோற்றார். ஜான்சனைக் கீழே தள்ளினார் என்றொரு கதை பின்னால் உலாவியதே, அது மேலாளர் தரப்பு கிளப்பிவிட்ட விளம்பரம்.

எடைத்தட்டு:
அந்தக் கதையை நான் சொல்லவே இல்லையே. ஜான்சன் வென்றார், சரி. எடையைப் பாருங்கள்: சுமார் 30 பவுண்டு வித்தியாசம். லாங்ஃபோர்டு அன்று மிடில்வெயிட் (நடு எடை) அளவு, இன்னும் வளரவேண்டிய ஆள். வளர்ந்த பிறகு என்ன நடந்தது? 1908 டிசம்பரில் சிட்னியில் ஹெவிவெயிட் பட்டம் வாங்கிய ஜான்சன் அதன்பின் லாங்ஃபோர்டுக்கு வாய்ப்பே தரவில்லை. கறுப்பர் இருவர் மோதினால் வசூலாகாது என்பது சாக்கு. 1913-ல் பாரிஸில் ஜிம் ஜான்சன் என்ற கறுப்பருக்கு மட்டும் அந்தச் சாக்கு எங்கே போனது? லாங்ஃபோர்டுக்கு நாலு படி கீழே இருந்த ஆள் அவர்.

பழைய ரீல்:
1944-ல் ஒரு நியூயார்க் நிருபர் ஹார்லெமில் தேடிப் பிடித்தபோது லாங்ஃபோர்டு பார்வை போய், கையில் காசில்லாமல் ஒரு சின்ன அறையில் இருந்தார். வாசகர்கள்தான் நிதி திரட்டிக் கொடுத்தார்கள். இவருக்கு முதல் இடமே கொடுத்தாலும் தகும்.

கூர்மூக்கு:
எனக்கு எரிச்சலே இதுதான். பார்வை போனதற்கு இரண்டு இடம் ஏற்றிவிடுவதா? வளையத்துக்குள் நடந்ததைப் பேசுவோம்.

எடைத்தட்டு:
இதில் நான் உங்கள் கட்சி. பரிதாபத்தை முன்னால் நிறுத்தினால் லாங்ஃபோர்டு பாவப்பட்ட மனிதராகத்தான் தெரிவார். அவரோ எதிரே வந்தவர்களைப் பாவப்பட வைத்தவர். பின்னாளில் ஹெவிவெயிட் சாம்பியனான ஜாக் டெம்ப்ஸி தன் சுயசரிதையிலேயே லாங்ஃபோர்டைக் கண்டு மட்டும் பயந்ததாக எழுதினார்.

கூர்மூக்கு:
சுயசரிதை வாக்குமூலத்தை வைத்து இடம் கொடுக்க முடியாது. கறுப்பு ஹெவிவெயிட்களான சாம் மெக்வே, ஜோ ஜானெட், வில்ஸ் மூவருடனும் மட்டும் எத்தனை சண்டை! வில்ஸுடனே குறைந்தது 17. இத்தனை முறை ஒரே ஆளுடன் மோதினால் ஒவ்வொன்றும் உயிரைக் கொடுத்து ஆடியதாகவா இருக்கும்? பல ஊர்களில் நடுவர் தீர்ப்பே சட்டப்படி கிடையாது, மறுநாள் பத்திரிகை எழுதியதுதான் முடிவு. 1910-ல் மிடில்வெயிட் சாம்பியன் ஸ்டான்லி கெட்செலுடன் நடந்த ஆறு ரவுண்டையும் பாருங்கள். பின்னால் நடக்கவேண்டிய பெரிய சண்டைக்கு வசூலைச் சேர்த்துவைக்க இருவரும் அடக்கி ஆடினார்கள் என்ற பேச்சு அன்றே இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கெட்செல் சுட்டுக் கொல்லப்பட்டார், பெரிய சண்டை நடக்கவே இல்லை.

இடதுகை:
குறுக்கே வருகிறேன். அந்த நால்வரும் திரும்பத் திரும்ப மோதியதற்குக் காரணம், வேறு யாரும் அவர்களுடன் மோத வரவில்லை. 1915-ல் ஜான்சன் பட்டத்தை இழந்த பிறகு 1937-ல் ஜோ லூயிஸ் வரும்வரை ஒரு கறுப்பருக்கும் ஹெவிவெயிட் பட்டச் சண்டை கிடைக்கவில்லை. ஆக, அந்தக் காலத்தின் மிகக் கடினமான எதிரிகள்தான் அந்த மூவர். அடக்கி ஆடுகிறவர் வில்ஸை 19-வது ரவுண்டில் படுக்கவைப்பாரா?

எனக்கு முக்கியம் 1922. லாங்ஃபோர்டுக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. 1917-ல் ஃபிரெட் ஃபுல்டனுடன் மோதியதிலிருந்து ஒரு கண் போய்விட்டது, மற்றதும் மங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் அட்லாண்டாவில் டைகர் ஃப்ளவர்ஸை இரண்டாம் ரவுண்டில் நாக்அவுட் செய்தார். இதே ஃப்ளவர்ஸ்தான் 1926-ல் ஹாரி கிரெப்பிடமிருந்து மிடில்வெயிட் பட்டத்தைப் பறித்தவர். பார்வை மங்கினால் தூரம் கணிக்க முடியாது, நெருங்கி உடம்பைத் தொட்டுத்தான் அடிக்கவேண்டும். கொஞ்ச நாளாவது கையுறை மாட்டியவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

கூர்மூக்கு:
ஃப்ளவர்ஸ் வெற்றி கனமானது, மறுக்கவில்லை. பத்துக்குள் வைக்கிறேன், எட்டு அல்லது ஒன்பது. ஆனால் பாப் ஃபிட்ஸிம்மன்ஸுக்கு மேலே வைக்கமாட்டேன். அவரும் மிடில்வெயிட் உடம்புதான். 1897-ல் கார்பெட்டைச் சாய்த்து ஹெவிவெயிட் பட்டம் வாங்கினார், 1903-ல் லைட் ஹெவிவெயிட்டும் சேர்த்து மூன்று எடையில் சாம்பியன்.

எடைத்தட்டு:
ஃபிட்ஸிம்மன்ஸுக்கு எதிரே கார்பெட் வந்து நின்றார். லாங்ஃபோர்டுக்கு எதிரே எந்த ஹெவிவெயிட் சாம்பியன் வந்து நின்றார்?

கூர்மூக்கு:
நிற்காத சண்டையில் யார் ஜெயித்திருப்பார் என்று நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் நடந்ததை மட்டும் எண்ணுகிறேன். எட்டு.