புதுப்பிப்பு: கடலும் மலையும் பார்த்தாச்சு

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: சியாட்டிலிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குப் போனால், கடலையும் மலையையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா? முடியும். ஜூலை முதல் வாரம் நான்கு நாள் போய் வந்தோம்.

பூங்காவின் கடலோரத்தில் இருக்கும் கலாலாக் முகாமில், கடலுக்கு மேலே மேட்டில்தான் கூடாரம். ஜூலைதானே என்று மெல்லிய போர்வை எடுத்துப் போனது என் முட்டாள்தனம். முதல் நாள் பனிமூட்டத்தில் துணியெல்லாம் நசநசத்துவிட்டது. பக்கத்தில் மண் அரித்துப்போய், வேர்கள் அந்தரத்தில் தொங்க நிற்கும் ஸ்ப்ரூஸ் மரத்தடியை விட்டுச் சின்னவள் நகரவேயில்லை. ராத்திரி ஒன்பதுக்கும் வெளிச்சம், யார் தூங்குவார்கள்?

பிறகு மலைப்பக்கம், ஹரிக்கேன் ரிட்ஜ் என்ற மலைமுகடு, 5,242 அடி உயரம். அங்கங்கே பனித்திட்டு, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மேலே இருந்த பழைய விடுதி 2023 மே மாதம் எரிந்துவிட்டது, அதனால் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே போங்கள். எங்களுக்குப் புளியோதரைதான் கைகொடுத்தது.

சாப்பாட்டை வெளியே வைக்காதீர்கள் என்று இங்கே சொன்னவருக்கு நன்றி. பக்கத்துக் கூடாரத்து ரொட்டியை ரக்கூன் தூக்கிப்போனது.