ஏறுசுவர்ச் சொற்கள்: கீழே நிற்பவருக்குக் கேட்க வேண்டுமே

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் குழுவினருக்கும் கோலாலம்பூரிலிருந்து வணக்கம்.

செயற்கைச் சுவர்களில் ஏறும் ‘கிளைம்பிங்’ விளையாட்டுக்குத் தாங்கள் தொகுத்த தமிழ்ச் சொற்பட்டியலில் விளையாட்டின் பெயர் ‘சுவரேற்றம்’ என்று இருக்கிறது. பொருளில் குறையில்லை. ஆனால் சுவரேறிக் குதிப்பது என்றாலே நமக்கு முதலில் நினைவுக்கு வருபவன் திருடன்தான். பேரங்காடிகளுக்குள் எழுப்பியிருக்கும் இந்தச் சுவர்களைக் ‘குடிநீர்’ என்பதைப் போல வினைத்தொகையாக ‘ஏறுசுவர்’ எனலாம். ஏறுபவரின் தலைக்குமேல் கவிந்திருப்பது கவிசுவர். பின்னோக்கிச் சரிந்திருப்பது சாய்சுவர். இவ்வாறு பிரித்துக்கொண்டால், ஒலிம்பிக்கில் வேகப் போட்டி நடக்கும் 15 மீட்டர் சுவர் 5 பாகை கவிந்தது என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ‘மால்பு’ என்ற பழஞ்சொல்லைச் சுவருக்கு வைக்க வேண்டாம்; மலைபடுகடாத்தில் அது தேனெடுக்க மலையில் சார்த்திய ஏணியே அன்றி, ஏறப்படும் மலை அன்று.

சுவரில் திருகியிருக்கும் பிடிகளுக்குத் தாங்கள் தந்த கிள்ளுப்பிடி, குழிப்பிடி, நுனிப்பிடி ஆகியவற்றை அப்படியே ஏற்கலாம். விரல் மடங்க இடமின்றி உள்ளங்கையின் உராய்வால் மட்டுமே பற்றும் உருண்டைப் பிடியை ‘வழுக்குப்பிடி’ என்பதைவிட ‘அணைபிடி’ எனலாம். வழுக்காமல் பற்றுவதுதானே அங்கே திறமை. தாழ்ந்த சுவரில் கயிறின்றி ஏறும் போல்டரிங்கை ‘கயிறில்லா ஏற்றம்’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கீழே தடித்த மெத்தை விரித்து நான்கு மீட்டர் அளவிலான சுவரில் ஏறுவதும், நூறு மீட்டர் பாறையில் காப்பே இன்றித் தனியே ஏறுவதும் கயிறில்லா ஏற்றமே; இரண்டையும் ஒரு சொல்லுக்குள் அடைப்பது சரியன்று. நல்ல சொல் கிடைக்கும்வரை போல்டரிங் என்றே எழுதுவோம்.

கயிற்றில் இரு வகை உண்டு. முன்பே உச்சியில் மாட்டியிருப்பது மேற்கயிறு. ஏறுபவர் தம்மோடு எடுத்துச் சென்று வழியிலுள்ள கொளுவிகளில் (கயிறு மாட்டும் கொக்கிகளில்) ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே போவது உடன்கயிறு. கடைசிக் கொளுவிக்கு ஒரு மீட்டர் மேலே கை நழுவினால், கொளுவிவரை ஒரு மீட்டரும், அதற்குக் கீழே ஒரு மீட்டரும், கயிறு நீளும் அளவும் சேர்த்து விழ வேண்டியிருக்கும் என்பதால், இந்த வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும்.

அடுத்தது பிலே. தரையில் நின்று கயிற்றைக் கொடுத்தும் வாங்கியும், விழுந்தால் தடுத்தும் நிற்பவரைத் தாங்கள் ‘கயிற்றுக்காவலர்’ என்கிறீர்கள். இங்கே காவலர் என்றால் வாசலில் சீருடையோடு நிற்பவர். முத்துக்குளிப்பில் கயிறு பிடிக்க மைத்துனனை நிறுத்துவார்கள், தன் அக்காளின் தாலிக்காக அவன் கை நழுவவிடமாட்டான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் ‘கயிறு பிடித்தல்’ ஆகிவந்த வழக்கு என்றாலும், சுவரில் இருப்பதும் ‘பிடி’ என்பதால் குழப்பம் வரும். ஆகவே வினைக்குக் ‘கயிறு காத்தல்’, ஆளுக்குப் படகுக்காரரைப் போலக் ‘கயிற்றுக்காரர்’ எனலாமா?

எனக்கு உண்மையான கவலை ஏவற்சொற்களில்தான். கயிற்றை இழுத்து நிறுத்தச் சொல்ல ‘இறுக்கு’, மெல்லத் தரைக்கு விடச் சொல்ல ‘இறக்கு’ என்று வைத்திருக்கிறீர்கள். ஒரே ஓர் உயிர் எழுத்துதான் வேறுபாடு. எதிரொலியும் இசையும் நிறைந்த கூடத்தில் 15 மீட்டர் உயரத்திலிருந்து கூவும்போது அது கேட்காது. கேட்டது தவறானால் ஆள் விழுவார். ஆங்கிலத்தில் ஏறுபவர்களும் ‘ஸ்லாக்’ என்பதைக் கயிற்றைத் தளர்த்தச் சொல்வதற்கு மட்டுமே வைத்துக்கொண்டு, இழுக்கச் சொல்லும் தொடரில் அச்சொல் வராதபடி பார்த்துக்கொள்கிறார்கள்.

\* \* \*

அன்புத் தம்பிக்கு, பினாங்கிலிருந்து எழுதுகிறேன்.

ஏட்டில் பார்த்துச் சொல் அமைத்தவன் நான், கூவிப் பார்க்கவில்லை. ஏறுசுவரும் கயிற்றுக்காரரும் எனக்குச் சம்மதம். அணைபிடி மட்டும் ஏனோ மல்யுத்தத்தை நினைவூட்டுகிறது. உள்ளங்கைப்பிடி என்றே வைக்கலாம். ஏவலுக்கு நெட்டுயிர் உள்ள சொற்கள்தாம் தொலைவுக்குச் செல்லும். ஏலேலோ பாடியவர்களுக்கு அது தெரிந்திருந்தது. தளர்த்துவதற்குத் ‘தா’, இறங்குவதற்குக் ‘கீழே’, இறுக்குவதற்கு மட்டும் குறிலோடு ‘இறுக்கு’. மூன்றும் ஒன்றோடொன்று மயங்கா. ஒரே ஓர் ஐயம்: பத்துமலையின் சுண்ணாம்புப் பாறைகளில் ஏறுபவர்கள், கல் பெயர்ந்து விழும்போது கீழே நிற்பவர்களை எச்சரிக்கவும் ‘கீழே’ என்றுதானே கத்துவார்கள்?

\* \* \*

ஐயா, அங்கே நான் ஏறியபோது கல் பெயர்ந்தால் எங்களில் எல்லாரும் ‘கல்லு!’ என்றே கத்தினோம். யோசித்துச் சொன்ன சொல் அன்று, வாயில் வந்தது. அதை எச்சரிக்கைக்கு வைத்துவிட்டால் ‘கீழே’ இறங்குவதற்கு மிஞ்சும். ‘இறக்கு’ என்பதைப் பட்டியலிலிருந்து நீக்கி, உள்ளங்கைப்பிடியைச் சேர்த்து, திருத்திய படியை இன்றிரவு அனுப்புகிறேன்.