பழைய லிங்கன் டவுன் கார் வாங்கி ஓட்டும் அனுபவம் – உங்களுடையதையும் எழுதுங்கள்

செகண்ட் ஹேண்டில் அமெரிக்க சொகுசு கார் வாங்கலாமா, வாங்கினால் எத்தனை வருடம் தாங்கும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் மிச்சிகனில் நோவையில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 2004 லிங்கன் டவுன் கார், சிக்னேச்சர் மாடல். வாங்கும்போதே அதற்குப் பத்து வயது தாண்டிவிட்டது. இன்றைக்கும் ஆபீஸுக்கு அதில்தான் போகிறேன். ஓடோமீட்டர் 2 லட்சம் மைலைத் தாண்டிவிட்டது. இன்ஜினையோ கியர்பாக்ஸையோ யாரும் பிரித்ததில்லை.

இதை வைத்து "லிங்கன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்று சொல்ல மாட்டேன். அதே லிங்கன் கொண்டுவந்த எல்எஸ் காரை எனக்கு யார் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். அதன் 3.9 லிட்டர் வி8 ஜாகுவார் வழி வந்தது, இக்னிஷன் காயிலும் கூலிங் பக்கத்துப் பிளாஸ்டிக் பாகங்களும் அதில் பெயர்போன தலைவலி. ஆக, பழைய அமெரிக்கக் காரில் பானட் மேல் இருக்கும் சின்னத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உள்ளே என்ன இன்ஜின், அது எந்த வருடத்து அமைப்பு, இதுவரை யார் கையில் எப்படி ஓடியது, இதைத் தெரிந்துகொண்டு பேரத்துக்குப் போங்கள்.

டவுன் கார் உழைப்பதற்குக் காரணம் அதன் அமைப்பு. ஃபோர்டு 1979 மாடலில் தொடங்கி 2011 வரை பேந்தர் என்ற ஒரே அடித்தளத்தைத் திருத்தித் திருத்தி ஓட்டியது. போலீஸ் வைத்திருந்த கிரவுன் விக்டோரியா, நியூயார்க் மஞ்சள் டாக்ஸி, மெர்குரி கிராண்ட் மார்க்கீ எல்லாமே அதன் மேல் கட்டியவைதான். லாரியில் இருப்பது போலத் தனியாக ஒரு இரும்புச் சட்டம், அதன் மேல் பாடி. இன்ஜின் முன்னால், இழுப்பு பின் சக்கரத்தில். 1991 மாடல் முதல் 4.6 லிட்டர் வி8. டர்போ கிடையாது. டைமிங் பெல்ட்டும் கிடையாது, செயின்தான். என் வண்டியில் அந்த இன்ஜின் தருவது 239 குதிரைசக்தி. இத்தனை பெரிய இன்ஜினுக்கு இது கம்மி. அதனால்தான் அது மூச்சுத் திணறாமல் வருடக்கணக்கில் ஓடுகிறது. சாதாரண 87 ஆக்டேன் பெட்ரோலே போதும்.

இன்னொரு பெரிய லாபம், உதிரிபாகம். ஊர் ஊராகப் போலீஸும் டாக்ஸியும் ஓட்டிய வண்டிகளோடு பங்கு போட்டுக்கொள்ளும் பாகங்கள் என்பதால், தயாரிப்பை நிறுத்தி இவ்வளவு வருடம் ஆகியும் தட்டுப்பாடு இல்லை. பழைய வண்டிகளை உடைக்கும் யார்டுக்குப் போனால் கதவுக் கைப்பிடி வரைக்கும் கிடைக்கும்.

வாங்குவதாக இருந்தால் 2003 அல்லது அதற்கு மேல் பாருங்கள். அந்த வருடம் கீழே இருக்கும் இரும்புச் சட்டத்தையே புதிதாக்கி, ஸ்டீயரிங்கை ரேக் அண்ட் பினியன் என்ற பல்சக்கர அமைப்புக்கு மாற்றினார்கள். அதற்கு முந்தையதை ஓட்டிப் பார்த்தால் ஸ்டீயரிங்கில் ஒரு தொளதொளப்பு தெரியும். 2007 வரை வந்தவை இங்கே பக்கத்தில் விக்ஸம் தொழிற்சாலையில் செய்தவை. அதை மூடிய பின் கனடாவில் ஒன்டாரியோ மாகாணம், செயின்ட் தாமஸ் பக்கத்துக்குத் தயாரிப்பு போய், 2011ல் அதுவும் நின்றது. வின் நம்பர், அதாவது வண்டியின் அடையாள எண், 1ல் தொடங்கினால் விக்ஸம், 2ல் தொடங்கினால் கனடா. தரத்தில் வித்தியாசம் எதுவும் நான் பார்க்கவில்லை.

இப்போது முக்கியமான விஷயம், துரு. விக்ஸமில் செய்த வண்டி என்றாலும் மிச்சிகனில் ஓடிய வண்டியை நான் வாங்கவில்லை. குளிர்காலம் முழுக்க இங்கே சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். பாடி பளபளவென்று இருக்கும், கீழே குனிந்து பார்த்தால் சட்டம் செதில் செதிலாக உரியும். பிரேக் குழாயும் அரித்திருக்கும். 2013ல் ஃபோர்டு, 2005 முதல் 2011 வரை வந்த டவுன் கார், கிரவுன் விக்டோரியா, கிராண்ட் மார்க்கீ வண்டிகளைத் திரும்ப அழைத்ததே (ரீகால்) உப்பு போடும் மாநிலங்களிலும் கனடாவிலும்தான். ஸ்டீயரிங்கின் இடைத் தண்டு துருவால் கழன்றுவிடக் கூடும் என்பது காரணம். அந்த வேலை முடிந்ததா என்பதை அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ தளத்தில் வின் நம்பரைப் போட்டால் இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம்.

அதனால் அரிசோனாவில் தேடினேன். ஓய்வு பெற்ற ஒரு தம்பதி, முதல் ஓனர்கள். அங்குள்ள வெயிலில் டேஷ்போர்டு கொஞ்சம் வெளுத்திருந்தது, கதவு ரப்பர் காய்ந்திருந்தது. அவை என்னைப் பயமுறுத்தவில்லை. எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லி, கீழ்ப்பக்கப் படங்களை வாங்கிப் பார்த்தேன். சட்டத்தில் கருப்புப் பெயிண்ட் அப்படியே இருந்தது. அப்புறம் அவர்கள் ஒரு கோப்பு முழுக்க சர்வீஸ் பில்களைத் தேதி வாரியாக வைத்திருந்தார்கள். என்னைக் கேட்டால், குறைந்த மைல் ஓடிய வண்டியைவிட பில் இருக்கும் வண்டியே மேல். பத்து வருடத்தில் 40,000 மைல் மட்டும் ஓடி, பாதி நாள் கராஜில் நின்ற வண்டியில் சீல்களும் ரப்பர் ஹோஸ்களும் காய்ந்து போயிருக்கும்.

அதற்கு முன்னால் இங்கே ஒரு சின்ன டீலரிடம் ஒரு கறுப்பு டவுன் காரைப் பார்த்தேன். "வயதானவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் ஓட்டியது" என்றார்கள். டேஷ்போர்டுக்குக் கீழே, வாடகை வண்டிக்காரர்கள் பேசும் வயர்லெஸ் ரேடியோ மாட்டிய ஸ்க்ரூ ஓட்டைகள் இருந்தன. பின் சீட் தோல், டிரைவர் சீட்டைவிட அதிகமாகத் தேய்ந்திருந்தது. வாடகைக்கு ஓடிய வண்டி என்று அதுவே சொல்லிவிட்டது. வண்டியின் வரலாற்று அறிக்கை எடுத்ததில் வர்த்தகப் பதிவு என்றே இருந்தது. வாடகை வண்டி என்பதற்காக நான் விலகவில்லை, பொய் சொன்னதற்காக விலகினேன். இதில் மறைத்தவர் வேறு எதையெல்லாம் மறைத்திருப்பார்?

இந்த மாடலில் பார்க்க வேண்டிய பலவீனங்கள்: 1996 முதல் 2001 வரையிலான 4.6 இன்ஜினில் இன்டேக் மேனிஃபோல்டு, அதாவது இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதி, முழுக்கப் பிளாஸ்டிக். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கடக்கும் முன்பகுதியில் விரிசல் விட்டு ஒழுகும். வழக்கு வரை போய், ஃபோர்டு சமரசத்துக்கு வந்த விஷயம் இது. அந்த இடத்தில் அலுமினியம் வைத்த மாற்று மேனிஃபோல்டு போட்டிருந்தால் கவலையில்லை. பின்பக்க ஏர் சஸ்பென்ஷன் இன்னொன்று. ரப்பர் பைக்கு வயதானால் காற்று கசிந்து, ராத்திரி நின்ற வண்டி காலையில் பின்புறம் படுத்திருக்கும். வாங்கப் போனால் காலையில், ஓனர் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். ஜாக்கி வைக்கும் முன் டிக்கிக்குள் இருக்கும் சஸ்பென்ஷன் சுவிட்சை அணைக்கவும் மறக்காதீர்கள். என் வண்டியில் பழைய ஓனரே பைகளை மாற்றியிருந்தார், பில் இருந்தது.

ஓட்டுவதைப் பற்றி: நகரத்தில் கேலனுக்கு 16, 17 மைல், ஹைவேயில் 24, 25. தினம் ரொம்ப தூரம் போகிறவர்களுக்குப் பெட்ரோல் செலவு கையைக் கடிக்கும். நீளம் ஏறக்குறைய 18 அடி, கராஜை முதலில் அளந்துகொள்ளுங்கள். பனிக்குப் பின் சக்கர இழுப்பு சுகமில்லை, வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் பனி டயர் மாட்டாமல் நவம்பரைத் தாண்ட மாட்டேன். கீழ்ப்பக்கத்துக்கு வருடா வருடம் எண்ணெய்ப் பூச்சு அடிக்கிறேன்.

ஆனால் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்கியபோது இந்த வண்டியின் அருமை முழுதாகத் தெரிந்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி. எஸ்யூவியில் ஏறவும் முடியாது, சின்னக் காரில் குனிந்து உட்காரவும் முடியாது. இதில் சோபாவில் உட்காருவது போல உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வார். விமான நிலையத்திலிருந்து வந்த பெரிய பெட்டிகள் நான்கும் டிக்கியிலேயே அடங்கின. சிகாகோ வரை போனோம், இடுப்பு வலிக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

ரொறன்ரோவிலிருந்து ஒரு பதில்

அண்ணை, நல்ல பதிவு. நான் பியர்சன் ஏர்போட்டில் கனகாலம் லிமோ ஓடினேன், டவுன் காரில் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் நீளம் கூடின எக்ஸிகியூட்டிவ் எல். இங்கே எங்கட ஆக்கள் பலர் இந்த வாகனத்தை வைத்துத்தான் பிள்ளைகளைப் படிப்பித்தவை. ஐந்து லட்சம் கிலோமீற்றர் கடந்தும் முதல் கியர்பொக்ஸோடு நின்ற வாகனங்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இரகசியம் ஒன்றும் இல்லை. கியர்பொக்ஸ் ஒயிலை 50,000 கிலோமீற்றருக்கு ஒருக்கால் மாற்ற வேண்டும், ஃபோர்ட்டின் மேர்கோன் வி ரக ஒயில் மட்டும் விட வேண்டும். மெதுவான வேகத்தில் ஒரு நடுக்கம் வந்தால் உடனே கியர்பொக்ஸ் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். பழைய ஒயிலின் வேலையாக இருக்கலாம், முதலில் அதை மாற்றிப் பாருங்கள். ஸ்பார்க் பிளக் கழற்றுவது இன்ஜின் நன்றாக ஆறின பிறகு மட்டும். அலுமினிய ஹெட், பிளக் பிடிக்கும் மரை குறைவு. அவசரப்பட்டு இறுக்கினால் மரை போய்விடும்.

இன்னொன்று, லிமோ ஓடிய வாகனத்தில் கிலோமீற்றரை மட்டும் பார்க்கக் கூடாது. பனிக்காலத்தில் ஆட்களுக்காகக் காத்து நிற்கும்போது ஹீற்றருக்காக மணித்தியாலக் கணக்கில் இன்ஜின் ஓடிக்கொண்டு நிற்கும். அந்த உழைப்பு மீற்றரில் ஏறாது. என்றாலும் ஒழுங்காக ஒயில் மாற்றிய லிமோ, ஒருவரும் கவனிக்காத வீட்டு வாகனத்தைவிட நல்லது என்று நான் துணிந்து சொல்லுவேன்.

டல்லாஸிலிருந்து

நான் காடிலாக் பக்கம். டிவில் வைத்திருக்கிறேன், 2002. இதன் 4.6 நார்த்ஸ்டார் இன்ஜினைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள், பயத்தில் நியாயமும் இருக்கிறது. அலுமினிய பிளாக்கில் ஹெட் போல்ட்டின் மரை பிடுங்கிக்கொண்டு வந்து, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போகும். இன்ஜினைக் கீழ்வழியாக இறக்கித்தான் சரிசெய்ய வேண்டும் என்பதால் கூலி வண்டி விலையைத் தாண்டிவிடும். பிற்பாடு மரையைத் தடிப்பாக்கினார்கள், டிவிலுக்குப் பதில் 2006ல் வந்த டிடிஎஸ் இந்த விஷயத்தில் மேல்.

என் வண்டிக்கு முந்தைய ஓனரே போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் போட்டு, பிளாக்கில் புது மரை வெட்டியிருந்தார். அந்தப் பட்டறை பில்லைப் பார்த்துத்தான் வாங்கினேன். அதற்கும் மேலே, வாங்குமுன் கூலன்ட் சோதனை செய்ய வைத்தேன். ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குழாயை வைப்பார்கள், எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் மஞ்சளாகும். எனக்கு நீலமாகவே நின்றது. அதிலிருந்து டெக்ஸாஸ் வெயிலில் ஓடிக்கொண்டிருக்கிறது, டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு அசைந்ததில்லை.

இங்கே வாங்குகிறவர்கள் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கவனியுங்கள். 2017ல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டனில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும் பாருங்கள்.

கேள்வி: 2010 லிங்கன் எம்கேஇசட் 3.5 வி6 ஒன்று நல்ல விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

தம்பி, நோவையிலிருந்து நானே பதில் சொல்கிறேன். இன்ஜின் வலுவானது, ஆனால் வாட்டர் பம்ப் இன்ஜினுக்குள்ளே, டைமிங் செயினால் சுற்றும்படி வைத்திருக்கிறார்கள். அது கசிந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்க வாய்ப்பு உண்டு, மாற்றுவதற்கு டைமிங் கவரையே பிரிக்க வேண்டும். பம்ப் மாற்றிய பில் இருந்தால் தைரியமாக வாங்குங்கள். இல்லையென்றால் ஆல்டர்னேட்டருக்குப் பின்பக்கம் கூலன்ட் கறை இருக்கிறதா, ஆயில் மூடியில் பால் போன்ற படிவு இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லி, அந்த வேலைக்கான தொகையை விலையிலிருந்து குறைத்துக் கேளுங்கள். பெட்ரோல் செலவும் குறைய வேண்டுமென்றால் 2011 எம்கேஇசட் ஹைப்ரிடைத் தேடுங்கள். அதில் 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர், இந்த பம்ப் பிரச்சினையே கிடையாது. எதுவானாலும் பேரம் முடிவதற்குள் வின் நம்பரைப் போட்டு, ரீகால் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.