அக்கி ஆறிய பின்னும் ஆறாத நரம்பு வலி: இது என் மனப்பிரமையா?

கேள்வி:
வணக்கம். ஏழு மாதங்களுக்கு முன் எனக்கு வலது விலாவில் அக்கி வந்தது. கொப்புளங்கள் சில வாரங்களில் காய்ந்து உதிர்ந்துவிட்டன; ஆனால் அந்த இடத்து எரிச்சலும், திடீரென்று சுரீரென இழுக்கும் வலியும் இன்றுவரை நிற்கவில்லை. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால்கூடப் பொறுத்துக்கொள்ள முடிகிறது, மெல்லிய சட்டைத் துணி உரசினால்தான் உயிர் போகிறது. அதனால் வீட்டுக்குள் சட்டையை விலாவில் படாமல் தூக்கிப் பிடித்தபடியே நடக்கிறேன். இரவில் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் உறங்கிப் பல மாதங்களாகின்றன. ஓடிவந்து கட்டிக்கொள்ள வந்த பேத்தியை ஒருநாள் கையை நீட்டித் தடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அவள் என் அருகில் வரத் தயங்குகிறாள். இதுவே வலியைவிட அதிகமாக வலிக்கிறது. இப்போது மருத்துவர் அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது மனச்சோர்வுக்கான மாத்திரை என்கிறார்கள். என் வலியை அவரும் நம்பவில்லையா?

பதில் 1:
ஐயா, வலி சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். உங்கள் வலி முற்றிலும் உண்மையானது. அக்கிக் கிருமி நரம்பையே சேதப்படுத்திவிடுவதால், தோல் ஆறிய பிறகும் அந்த நரம்பு பொய்யான அபாயச் செய்தியை மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. துணி உரசுவதுகூட நெருப்பாகத் தெரிவது இதனால்தான். வழக்கமான வலி மாத்திரைகள் இதில் பெரிதாக உதவுவதில்லை. அமிட்ரிப்டிலின், டுலாக்செடின், கபாபென்டின், பிரிகாபலின் ஆகியவை மனச்சோர்வுக்கோ வலிப்புக்கோ வந்த மருந்துகள்தாம் என்றாலும், நரம்பு வலிக்கு முதலில் கொடுக்கப்படுபவையும் அவையே. குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வாய் உலர்தல், மலச்சிக்கல், தலைசுற்றல் வரலாம் என்பதால், இரவில் எழும்போது சற்று உட்கார்ந்திருந்து பிறகு நில்லுங்கள். இதய நோயோ கண் அழுத்த நோயோ இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். வலி மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே நல்ல பலன் என்றுதான் நாங்கள் கணக்கிடுகிறோம்.

பதில் 2:
எனக்குச் சர்க்கரை நோயால் இரு பாதங்களிலும் நரம்பு எரிச்சல், ஆறு ஆண்டுகளாக. போர்வை பாதத்தில் படக் கூடாது என்பதற்காகக் கால்மாட்டில் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் போர்வையை விரித்துக்கொள்கிறேன். மருந்தால் எனக்கு முதலில் திரும்பியது தூக்கம். வலி அப்போதும் பாதிக்கு மேல் இருந்தது, ஆனால் தூங்கி எழுந்தவனுக்கு அதே வலியைத் தாங்கத் தெம்பு வந்தது, மனைவியிடம் எரிந்து விழுவதும் குறைந்தது. ஒன்றை மட்டும் தாமதமாகக் கற்றேன்: வெளியே தெரியாத வலியை வாய்விட்டுச் சொல்லாமல் வீட்டார் அறிய வழியில்லை. எங்கே தொடலாம், எங்கே தொடக் கூடாது என்று பேத்தியிடம் நேராகவே சொல்லுங்கள் ஐயா, குழந்தைகள் புரிந்துகொள்வார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மாத்திரையை நேற்றிரவு தொடங்கிவிட்டேன். பேத்தியிடம், 'தாத்தாவுக்கு வலப்பக்கம் உள்ளே புண் இருக்கிறது, இடப்பக்கமாக வா' என்றேன். எது இடப்பக்கம் என்று இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் வந்தாள்.